கன்ட்ரோல் விசை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: பழைய ஐபிஎம் மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று கைக்கு வந்திருக்கிறது, அதை வைத்து அந்தக் காலத்து எழுதும் மென்பொருள்களான வேர்ட்ஸ்டாரிலோ வேர்ட்பெர்ஃபெக்டிலோ நீளமாக ஏதாவது எழுத ஆசை, எந்த அடாப்டர் வாங்கினால் இன்றைய லேப்டாப்பில் வேலை செய்யும்? அதற்குப் பதில் எளிது, கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். நண்பரிடம் இருக்கும் ஐபிஎம் மாடல் எம் கீபோர்டில் வேர்ட்ஸ்டாரைப் போட்டுப் பார்த்தீர்கள், ஒரு மணி நேரத்தில் இடது சுண்டுவிரல் வலித்தது, ஊரே புகழும் கீபோர்டு இவ்வளவுதானா என்கிறீர்கள். எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. குற்றம் கீபோர்டின் மேலும் இல்லை, உங்கள் விரலின் மேலும் இல்லை. அந்த மென்பொருளும் அந்தக் கீபோர்டும் ஒன்றுக்கொன்று செய்யப்பட்டவை அல்ல. இருபது வருடமாகப் பழைய கணினிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன், என் சொந்த எழுத்தும் பாதி இவற்றில்தான் நடக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த விஷயத்தில் எல்லோரும் சத்தத்தைப் பற்றியே பேசுவார்கள். கையில் வலி வருமா வராதா என்பதை முடிவு செய்வது விசைகளின் இடம்.

வேர்ட்ஸ்டார் 1970களின் கடைசியில், சிபி/எம் என்ற பழைய இயக்க மென்பொருள் ஓடும் கணினிகளுக்காக வந்தது. எழுதியவர் ராப் பார்னபி, வெளியிட்டது சீமோர் ரூபின்ஸ்டைனின் மைக்ரோப்ரோ. அன்றைய டெர்மினல்கள் (கணினியோடு இணைக்கும் திரையும் கீபோர்டும்) பலவற்றில் அம்புக்குறி விசைகளே கிடையாது. எனவே கர்சரை நகர்த்தக் கன்ட்ரோலோடு சேர்த்து ஈ, எஸ், டி, எக்ஸ் என்ற நான்கு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கீபோர்டைப் பாருங்கள், அந்த நான்கும் ஒரு வைரம் போல அமைந்திருக்கும்: ஈ மேலே, எக்ஸ் கீழே, எஸ் இடது, டி வலது. அதற்கு வெளியே ஏ அழுத்தினால் ஒரு சொல் இடதுபக்கம், எஃப் அழுத்தினால் ஒரு சொல் வலதுபக்கம். ஆர் ஒரு திரை மேலே, சி ஒரு திரை கீழே. முன்னால் கன்ட்ரோல்-க்யூ சேர்த்தால் அதே திசையில் இன்னும் பெரிய தாவல்: க்யூ-எஸ் வரியின் தொடக்கத்துக்கு, க்யூ-டி வரியின் முடிவுக்கு. யோசித்துச் செய்த அமைப்பு, இரண்டே நாளில் கைக்குப் பழகிவிடும். ஆனால் இது முழுக்க ஒரே ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. கன்ட்ரோல் விசை ஏ எழுத்துக்கு இடது பக்கத்திலேயே ஒட்டி இருக்க வேண்டும். அன்று பெரும்பாலான டெர்மினல்களில் அப்படித்தான் இருந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 83 விசைக் கீபோர்டிலும், 1984இல் வந்த ஏடி கணினியின் 84 விசைக் கீபோர்டிலும்கூட அங்கேதான் இருந்தது. இரண்டையும் இன்று மாடல் எஃப் என்று சொல்கிறோம். சுண்டுவிரல் ஏ-யிலிருந்து அரை அங்குலம் நகர்ந்தால் போதும், கன்ட்ரோல் வந்துவிடும்.

மாடல் எம் என்று எல்லோரும் கொண்டாடும் 101 விசைக் கீபோர்டு 1980களின் நடுவில் வந்தது. அதில்தான் கன்ட்ரோலைக் கீழ் வரிசையின் மூலைக்குத் தள்ளிவிட்டு, ஏ-வுக்குப் பக்கத்தில் கேப்ஸ் லாக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்றுவரை நம் எல்லோருடைய கீபோர்டும் அந்த அமைப்பின் வாரிசுதான். அதில் வேர்ட்ஸ்டார் போட்டால் ஒவ்வொரு கர்சர் நகர்வுக்கும் சுண்டுவிரலை மடக்கி மூலைக்குக் கொண்டுபோக வேண்டும், அதே நேரத்தில் மற்ற விரல்கள் வைரத்தின் மேல் நிற்க வேண்டும். உங்களுக்கு வலித்தது அதனால்தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். கிட்டத்தட்ட என்றேன், ஏனென்றால் நான் மருத்துவர் இல்லை. விசையின் இடத்தை மாற்றிய பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால் கீபோர்டு ஆசாமிகளிடம் கேட்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேர்ட்பெர்ஃபெக்டின் கதை வேறு. 1989இல் வந்த 5.1 பதிப்பைத்தான் பலரும் இன்றும் தேடுகிறார்கள். திறந்தால் வெறும் திரை, வலது கீழ் மூலையில் பக்கம், வரி காட்டும் ஒற்றை வரி, அவ்வளவுதான். வேலை எல்லாம் ஃபங்ஷன் விசைகளில். ஒவ்வொன்றுக்கும் நான்கு பொருள்: தனியாக, ஷிஃப்ட்டோடு, ஆல்ட்டோடு, கன்ட்ரோலோடு. பத்து விசைக்கு நாற்பது கட்டளை. யாருக்கு இத்தனையும் நினைவில் நிற்கும்? அதற்காகவே விசைகளைச் சுற்றி வைக்க அச்சிட்ட ஒரு அட்டை தருவார்கள். கறுப்பு எழுத்து என்றால் தனியாக, பச்சை ஷிஃப்ட், நீலம் ஆல்ட், சிவப்பு கன்ட்ரோல். இந்த அட்டையின் ஆரம்பகால வடிவத்தில் நடுவில் ஒரு நீள்சதுர ஓட்டை இருக்கும். காரணம், அன்றைய ஐபிஎம் கீபோர்டுகளில் ஃபங்ஷன் விசைகள் மேலே வரிசையாக இல்லை. இடது ஓரத்தில் இரண்டு இரண்டாக ஐந்து வரிசை. ஷிஃப்ட், ஆல்ட், கன்ட்ரோல் மூன்றும் அதற்குப் பக்கத்திலேயே. ஷிஃப்ட்-எஃப்8, கன்ட்ரோல்-எஃப்8 எல்லாவற்றையும் இடது கை ஒன்றே, பார்க்காமலே போட்டுவிடும். மாடல் எம்-மில் அவை மேலே ஏறிவிட்டதால் ஒவ்வொரு முறையும் கை இடம்விட்டுப் போக வேண்டியிருக்கிறது, கண்ணும் கீழே போகிறது. ஒரு லாபமும் உண்டு: எஃப்11, எஃப்12 என்று இரண்டு கூடுதலாகக் கிடைத்தன. 5.1 அவற்றைத் தெரிந்துகொண்டு, மறைந்திருக்கும் குறியீடுகளைக் காட்டும் ரிவீல் கோட்ஸை எஃப்11க்கும், பகுதியைத் தேர்வு செய்யும் பிளாக்கை எஃப்12க்கும் தந்தது. தினமும் அதிகம் தேவைப்படுவது அந்த இரண்டும்தான் என்பதால் வேர்ட்பெர்ஃபெக்ட்டுக்கு மாடல் எம் அவ்வளவு மோசமில்லை.

ஆகவே என் யோசனை: வேர்ட்ஸ்டார்தான் வேண்டும் என்றால் கன்ட்ரோல் ஏ-வுக்குப் பக்கத்தில் இருக்கும் கீபோர்டு, அல்லது மாடல் எம்-மில் கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றிக்கொள்வது. பழைய 4ஆம் பதிப்புக்கு மட்டும் அல்ல, 1992 டிசம்பரில் வந்த கடைசி 7.0 டி-க்கும் இதே பேச்சுதான். மாற்றுவது எளிது. விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியின் ஸ்கேன்கோட் மேப்பைத் திருத்தித் தரும் ஷார்ப்கீஸ் போன்ற சிறு கருவி போதும். விசையின் தொப்பியையும் கழற்றி இடம் மாற்றலாமா என்று பலர் கேட்பார்கள். மாடல் எம்-மில் முடியாது, இரண்டின் அகலமும் வேறு. எழுத்து தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு நாளில் மறந்துவிடுவீர்கள். வேர்ட்பெர்ஃபெக்ட்டில் ஆழமாக இறங்கப் போகிறீர்கள் என்றால் இடது பக்க ஃபங்ஷன் விசைகள் உள்ள கீபோர்டைத் தேடிப் பார்க்கலாம். ஐபிஎம்மின் மாடல் எஃப் ஒன்று. நார்த்கேட் நிறுவனத்தின் ஆம்னிகீ வரிசையில் சில இன்னொன்று. 101 விசை அமைப்பு பரவிய பிறகும் ஃபங்ஷன் விசைகளை இடது பக்கமே வைத்து ஆம்னிகீயைச் செய்தார்கள். வேர்ட்பெர்ஃபெக்ட் பழகிய கைகள் அதை விடாமல் வைத்திருந்தது ஆச்சரியமில்லை.

சரி, அடாப்டர். உங்களிடம் இருப்பது எது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. கவிழ்த்துப் பாருங்கள். மாடல் எம் என்றால் பின்னால் ஒட்டிய சீட்டில் பார்ட் எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும். 1391401 என்பது மிகப் பரவலான எண். அடுத்து வயரின் முனை. சிறிய ஆறு முள் வட்டம் என்றால் பிஎஸ்/2, 1987இல் அதே பெயர் கொண்ட கணினிகளோடு வந்தது. பெரிய ஐந்து முள் வட்டம் என்றால் கவனம் தேவை. ஏடி கீபோர்டுக்கும் அதே முனை, அதற்கு முந்தைய எக்ஸ்டி கீபோர்டுக்கும் அதே முனை, ஆனால் பேசும் மொழி வேறு. எக்ஸ்டி கீபோர்டு கணினிக்குச் சொல்ல மட்டும் செய்யும், கணினி திருப்பிச் சொல்வதைக் கேட்காது. ஏடி-யில் இரு பக்கமும் பேச்சு உண்டு. ஏடி-யும் பிஎஸ்/2-வும் ஒரே மொழி, முனையின் வடிவம் மட்டுமே மாறியது. அதனால் ஏடி-யைப் பிஎஸ்/2 ஆக்க வெறும் வயர் மாற்றும் அடாப்டர் போதும். எக்ஸ்டி-க்கு அது உதவவே உதவாது. நடுவில் ஒரு சிப் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். சில தயாரிப்பாளர்களின் கீபோர்டுகளில் அடியில் எக்ஸ்டி, ஏடி என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், வாங்கும் முன் அதையும் பாருங்கள். 83 விசை என்றால் எக்ஸ்டி. அதில் நம்பர் லாக், கேப்ஸ் லாக் எதற்கும் விளக்குகூடக் கிடையாது. அம்புக்குறிகளும் எண் விசைகளும் ஒன்றே, எந்த நிலையில் இருக்கிறது என்பதை அடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

லேப்டாப்பின் யூஎஸ்பி-யில் செருக வேண்டும் என்றால் உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டராக வாங்குங்கள். பச்சையாகவோ ஊதாவாகவோ விரல் நுனி அளவில் கிடைக்கும் குட்டி அடாப்டர்களில் உள்ளே வெறும் கம்பிதான். யூஎஸ்பி மொழியும் தெரிந்த பிற்காலக் கீபோர்டுகளுக்காகச் செய்தவை அவை, மாடல் எம்-முக்கு அந்த மொழி தெரியாது. சிப் உள்ளவற்றிலும் மலிவானவை சில பழைய ஐபிஎம்களோடு ஒத்துப்போவதில்லை. விசை தானாக மீண்டும் மீண்டும் விழும், அல்லது கீபோர்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் வேறு கன்வெர்ட்டரில் போட்டுப் பாருங்கள். கையால் பற்றவைக்கத் தெரிந்தால் டீன்சி எனும் சிறு போர்டில் சோரர் கன்வெர்ட்டர் மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம். எக்ஸ்டி, ஏடி இரண்டையும் புரிந்துகொள்ளும். விசைகளின் இடத்தை கன்வெர்ட்டருக்குள்ளேயே மாற்றிவைக்கலாம் என்பது அதைவிடப் பெரிய வசதி. கேப்ஸ் லாக் கன்ட்ரோலாக மாறியது எந்தக் கணினிக்குப் போனாலும் கூடவே வரும். இன்னொன்று: பழைய கணினியில் நேரடியாக மாட்டுகிறீர்கள் என்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாட்டுங்கள். ஏடி, பிஎஸ்/2 இரண்டுமே ஓடிக்கொண்டிருக்கும்போது செருகி எடுப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, சில மதர்போர்டுகளில் ஃபியூஸ் போய்விடும்.

அப்புறம், லேப்டாப்பில் இந்த மென்பொருள்களை ஓட்டப் பெரும்பாலானோர் டாஸ்பாக்ஸ் போடுகிறார்கள், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் அது. யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு பள்ளம் அங்கே இருக்கிறது. டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகச் செய்யப்பட்டது. தன் சொந்த வேலைகளுக்குக் கன்ட்ரோலோடு ஃபங்ஷன் விசைகளை எடுத்துக்கொண்டிருக்கிறது. வேர்ட்பெர்ஃபெக்ட்டில் கன்ட்ரோல்-எஃப்7 அடிக்குறிப்பு, கன்ட்ரோல்-எஃப்8 எழுத்துரு. டாஸ்பாக்ஸில் இரண்டும் திரையில் காட்டாமல் தாண்டும் ஃபிரேம்களைக் கூட்டிக் குறைப்பதற்கு. அதுகூடப் பரவாயில்லை. வேர்ட்பெர்ஃபெக்ட்டில் கன்ட்ரோல்-எஃப்9 என்பது மெர்ஜ், சார்ட். டாஸ்பாக்ஸில் அதே விசை, ஒரு வார்த்தை கேட்காமல் டாஸ்பாக்ஸையே மூடிவிடும். ஒரு பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தப் போய், சேமிக்காத ஏழு பக்கத்தை நான் இப்படித்தான் இழந்தேன். உதவிக் குறிப்பைப் படிக்காமல் இறங்கியது என் தப்பு. கன்ட்ரோல்-எஃப்1 அழுத்தினால் வரும் விசை வரைபடத்தில் இவற்றை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், எழுதத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை அது. ஆல்ட்-எஃப்4 வேர்ட்பெர்ஃபெக்ட்டில் பிளாக், விண்டோஸில் ஜன்னலை மூடுவது. எனவே பிளாக்குக்கு எஃப்12-ஐயே பழகுங்கள். வேர்ட்ஸ்டார் கட்டளைகள் எழுத்து விசைகளில் இருப்பதால் டாஸ்பாக்ஸோடு சண்டை ஏறக்குறைய இல்லை. சண்டை உங்கள் பழக்கத்தோடுதான். கன்ட்ரோல்-எஸ் சேமிக்காது, ஓரெழுத்து இடதுபக்கம் போகும். சேமிக்கக் கன்ட்ரோல்-கே, பிறகு எஸ். கன்ட்ரோல்-ஒய் அழுத்தினால் வரி முழுதும் காணாமல் போகும். 4ஆம் பதிப்பிலிருந்து கன்ட்ரோல்-யூ போட்டால் திரும்ப வரும், பதறாதீர்கள். அச்சிடும் தேவை இருந்தால் டாஸ்பாக்ஸ்-எக்ஸைப் பாருங்கள், மூல டாஸ்பாக்ஸில் அந்த வசதி இல்லை.

எழுதியதை வெளியே கொண்டுவருவதிலும் ஒரு சிக்கல். வேர்ட்ஸ்டாரின் டாக்குமென்ட் கோப்பை இன்றைய எடிட்டரில் திறந்தால் பல சொற்களின் கடைசி எழுத்து மட்டும் விசித்திரக் குறியாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. பத்தியை அடுக்கும் வேலைக்காக அந்த எழுத்தின் எட்டாவது பிட்டை வேர்ட்ஸ்டார் தன் குறிப்புக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. வெறும் எழுத்தை மட்டும் வைக்கும் நான்டாக்குமென்ட் முறையில் திறந்து எழுதினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் தானாக வரி மடங்கும் வசதியும் போய்விடும். கனடிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர் வேர்ட்ஸ்டாரிலேயே எழுதுபவர். 2024இல் வேர்ட்ஸ்டார் 7-ஐ, கையேடுகளோடும் துணைக் கருவிகளோடும் சேர்த்து ஒரே தொகுப்பாக எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். தொடங்குபவருக்கு அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. வேர்ட்பெர்ஃபெக்ட் கோப்புகளை லிப்ரெஆஃபீஸ் நேரடியாகவே திறந்துவிடும். தமிழில் எழுதலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இந்த மென்பொருள்களுக்கு யூனிகோடு தெரியாது. இன்று நாம் தட்டச்சு செய்யும் தமிழ் அவற்றில் வராது. ஆங்கிலக் குறிப்புகளுக்கும் ஆங்கில எழுத்துக்கும்தான் இது.

கீபோர்டின் உடல்நிலை பற்றி இரண்டு வார்த்தை. மாடல் எம்-மில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் காலப்போக்கில் உடைந்து உதிரும். லேசாகக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று கேட்கும். ஒன்றிரண்டு போனால் கவலையில்லை, ஒரு பக்கமாகப் பல போனால் அந்தப் பக்க விசைகள் சொதசொதவென்று ஆகும். ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்துவிட்டுத் திருகாணி போடுவது நிரந்தரத் தீர்வு, ஆனால் ஒரு முழு நாள் வேலை. மாடல் எஃப்-இல் ரிவெட் இல்லை, அதற்குப் பதில் தகடுகளுக்கு நடுவே நுரை இருக்கும், அது பொடியாகியிருக்கும். தொப்பிகளைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவலாம், எழுத்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே சாயமாக இறங்கியிருப்பதால் அழியாது. நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். கீபோர்டின் மீது மட்டும் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

சத்தத்தைப் பற்றிக் கடைசியில்தான் வருகிறேன், வேண்டுமென்றே. விசையை அழுத்தும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஓரளவுக்கு மேல் தாங்காமல் சட்டென்று ஒரு பக்கம் மடங்கும். ஐபிஎம்மில் ரிச்சர்ட் ஹாரிஸ் இதற்குக் காப்புரிமை பெற்றது 1978இல். ஸ்பிரிங் மடங்குவதும், அந்த டக் என்ற ஒலி எழுவதும், எழுத்து பதிவாவதும் ஒரே கணம். இன்றைய நீல நிற கிளிக் சுவிட்சுகளில் ஒலியை எழுப்புவது ஒரு துண்டு, தொடர்பை ஏற்படுத்துவது வேறொரு துண்டு. கை பழகியவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். பழையதுதான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அமெரிக்காவின் லெக்சிங்டனில் இருக்கும் யூனிகாம்ப் நிறுவனம் அதே ஸ்பிரிங்கோடு யூஎஸ்பி முனை வைத்துப் புதிதாகவே செய்து விற்கிறது. இந்த ஒலி நல்ல எழுத்தை வரவழைக்கும் என்று சத்தியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4-இல்தான் எழுதுகிறார் என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், ஆனால் அந்தக் கணினியில் இணையம் இல்லை என்பதைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கணிப்பு. அதை எந்தக் கீபோர்டிலும் செய்யலாம். பக்கத்து அறையில் யாராவது தூங்குகிறார்கள் என்றால் இந்த ஸ்பிரிங் கீபோர்டை இரவில் தொடாமல் இருப்பதே உத்தமம்.

உண்மையான பழைய கணினியிலேயே ஓட்ட வேண்டுமா என்பது தனிக் கதை. உள்ளே நிக்கல்-காட்மியம் பேட்டரி பற்றவைத்திருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள், கசிந்து மதர்போர்டையே தின்றுவிடும். ஹார்ட் டிஸ்க்கை நம்பாதீர்கள், காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையை ஐடிஇ (ஹார்ட் டிஸ்க் செருகும் பழைய முனை) அடாப்டரில் மாட்டிக்கொள்ளுங்கள். மற்றபடி, எதையும் வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்: பின்பக்கச் சீட்டில் என்ன எண், வயர் முனையில் எத்தனை முள், ஏ-வுக்கு இடது பக்கத்தில் என்ன விசை. மூன்றாவதற்குக் கன்ட்ரோல் என்று பதில் வந்தால், வேர்ட்ஸ்டாருக்கான கீபோர்டு ஏற்கனவே உங்கள் கையில் இருக்கிறது. எக்ஸ்டி-யா ஏடி-யா என்பதை மட்டும் பார்த்துக் கன்வெர்ட்டரைச் சொல்லிவிடுகிறேன்.